பட்டா இருக்கிறது, வீடு கட்டலாமா?

நிலம், மனை, கட்டட விதிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, நகரமைப்பு அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் சொல்கிறார். கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களையும் சர்வே எண்களையும் வெளியிடவில்லை.

கேள்வி: அம்மா, செங்குன்றத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் அரை கிரவுண்டு மனை பார்த்திருக்கிறோம். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார், நான் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். சீட்டுப் பணம், நகைக் கடன் எல்லாம் சேர்த்து வாங்கப் போகிறோம். புரோக்கர், “பட்டா கிளியர், பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, சுத்தி வீடெல்லாம் வந்துடுச்சு” என்கிறார். சிட்டாவில் நன்செய் என்று இருக்கிறது. அதைக் கேட்டால், “அது பழைய கணக்கு, ரெஜிஸ்டர் ஆயிடும்” என்கிறார். அடுத்த வாரம் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள், சகோதரி. கீழே சொல்வதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை டோக்கன் அட்வான்ஸ் என்றுகூட எதையும் கொடுக்க வேண்டாம். விற்பவர் அவசரப்படுத்தினால் மனை போகட்டும். நகையை அடகு வைத்த பணம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

முதலில் பட்டா. நிலம் யார் பெயரில் இருக்கிறது, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த இடத்தில் வீடு கட்டலாமா என்ற கேள்விக்குப் பட்டாவில் பதில் கிடையாது. அந்தப் பதில் மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் இருக்கிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம்தான் இன்றும் அடிப்படை. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது திட்டத்தைத் தயாரித்து வருகிறார்கள். இரண்டாவது திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதாவது ஒரு பயன்பாட்டின் கீழ் வரும்: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, விவசாயம் என்று.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சிட்டாவில் உள்ள நன்செய், புன்செய் என்பது வருவாய்த் துறை தீர்வைக்காக வைத்திருக்கும் வகைப்பாடு. முழுமைத் திட்டத்தில் உள்ள குடியிருப்பு, விவசாயம் என்பது நகரமைப்புத் துறையின் வகைப்பாடு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல. வருவாய்க் கணக்கில் நன்செய்யாக இருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் குடியிருப்பாக இருக்கலாம். வருவாய்க் கணக்கில் புன்செய் என்று இருப்பது திட்டத்தில் விவசாயப் பகுதியாகவோ திறந்தவெளியாகவோ இருக்கலாம். ஆகவே நன்செய் என்று பார்த்ததுமே பயந்துவிடவும் வேண்டாம், “பழைய கணக்கு” என்று அவர் சொல்வதை நம்பிவிடவும் வேண்டாம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் உட்பிரிவோடு கொடுத்தால் நிலப் பயன்பாடு என்னவென்று காட்டும். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயம் அல்லது திறந்தவெளி என்று வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பயன்பாட்டை மாற்ற வழி உண்டு. விண்ணப்பம், கட்டணம், பத்திரிகை விளம்பரம், ஆட்சேபனை கேட்பது, அரசாணை என்று அது நீண்டு போகும். மொத்த நிலத்தின் சொந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை அது. அரை கிரவுண்டு வாங்கிய ஒரு குடும்பம் தனியாக அதை நடத்தி முடிக்க முடியாது.

செங்குன்றம் பக்கம் என்பதால் இன்னொன்று. புழல் ஏரி சென்னையின் குடிநீர் ஏரி. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் வரும் கிராமங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, கிராமங்களின் பட்டியலும் விதிகளோடு இருக்கிறது. நீங்கள் பார்த்த கிராமம் அதில் வருகிறதா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்துக் கட்டினால் உங்கள் வீடும் நனையும், ஊருக்கும் குடிநீர் இல்லாமல் போகும். இந்த விதியை அலுவலகத் தொல்லையாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அடுத்து, “பஞ்சாயத்து அப்ரூவல்”. இந்தச் சொல்லை நம்பி ஏமாந்த குடும்பங்களை என் கவுன்ட்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடித்த துணிப் பைக்குள் வைத்து, பத்திரமாகக் கொண்டு வருவார்கள். பிரித்துப் பார்த்தால் ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பும் போட்ட ஒரு மனை வரைபடம் இருக்கும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும் மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யும் தொழில்நுட்ப ஒப்புதல் தந்த பிறகுதான் உள்ளாட்சி அமைப்பு இறுதி ஒப்புதல் தர முடியும். உண்மையான சி.எம்.டி.ஏ. வரைபடம் என்றால் மூலையில் “பி.பி.டி./எல்.ஓ.” என்று தொடங்கும் எண்ணும் ஆண்டும் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அலுவலகத்தில் சரிபாருங்கள். மொத்த மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவும் வேண்டும். அந்தப் பதிவு எண் பிட் நோட்டீஸிலேயே இருந்தாக வேண்டும்.

சிட்டாவை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். புல எண், உட்பிரிவு, அப்புறம் புன்செய், நன்செய், மற்றவை என்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் பரப்பு ஹெக்டேர் - ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி என்பது சுமார் 1.11 ஏர்தான். உங்களிடம் காட்டிய சிட்டாவில் 40 ஏர், 60 ஏர் என்று இருந்தால் அது மொத்த வயலின் பட்டா. உங்கள் மனைக்கு உட்பிரிவே ஆகவில்லை என்று அர்த்தம். எஃப்.எம்.பி. என்கிற புலப்படத்தையும் அரசு இ-சேவைத் தளத்தில் எடுக்கலாம். புரோக்கர் காட்டும் முப்பதடி ரோடு அந்தப் படத்தில் இருக்கிறதா, வாய்க்காலோ வண்டிப்பாதையோ மனையின் குறுக்கே போகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

“ரெஜிஸ்டர் ஆயிடும்” என்கிறார் அல்லவா? அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதற்குப் பிறகு பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில், ஏற்கெனவே மனையாகப் பதிவான இடத்தை மறுபடி பதியலாம் என்று இடம் கொடுத்தார்கள். ஆகவே பதிவு நடந்துவிடும். பத்திரமும் கைக்கு வரும். வீடு கட்ட பிளான் போடும்போது அனுமதி கிடைக்காது. வங்கிக் கடனும் வராது. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்ததாலேயே அங்கே கட்டலாம் என்று ஆகிவிடாது.

சுற்றிலும் வீடு வந்துவிட்டது என்பதும் அனுமதிக்குச் சான்று இல்லை. ஒரு காரியம் செய்யுங்கள். அந்தத் தெருவில் கட்டியிருப்பவர் ஒருவரிடம் நேரில் போய், “பிளான் அப்ரூவல் எங்கே வாங்கினீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்தே பாதி விஷயம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: குரோம்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க வீடுகள். பக்கத்து வீட்டுக்காரர் தரைத்தளத்தை வாடகைக்கு விட்டு, அங்கே லேத் பட்டறை வந்துவிட்டது. ராத்திரி பத்தரை வரைக்கும் கிரைண்டிங் சத்தம். எண்பது வயது மாமியார் தூங்க முடியவில்லை. கேட்டால், “தெரு முனையில் மளிகைக் கடை இருக்கே, தையல் கடை இருக்கே, அதெல்லாம் தொழில் இல்லையா?” என்கிறார். குடியிருப்புப் பகுதியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: மளிகைக் கடை, டீக்கடை, பால் பூத், தையல் கடை, சைக்கிள் ரிப்பேர், வீட்டில் குடியிருக்கும் டாக்டரோ வக்கீலோ நடத்தும் சிறிய அலுவலகம், ஆரம்பப் பள்ளி, இவையெல்லாம் முதன்மைக் குடியிருப்பிலேயே அனுமதிக்கப்பட்டவை. தெருவாசிகளுக்கு அன்றாடம் தேவை என்பதால் விதியே இடம் தருகிறது. ஆகவே மளிகைக் கடையைக் காட்டி லேத்துக்கு நியாயம் சொல்ல முடியாது. கலப்புக் குடியிருப்பாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக, குதிரைத்திறன் வரம்புக்கு உட்பட்ட சிறு தொழில்கள் வரலாம். அதனால் முதலில் உங்கள் சர்வே எண் எந்த வகை என்று பாருங்கள்.

எந்த வகையாக இருந்தாலும் சத்தத்துக்கு வரம்பு உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. பத்தரைக்கு கிரைண்டிங் ஓடினால் 45-க்குள் அடங்கவே அடங்காது.

வாய்ச்சண்டை வேண்டாம். மாநகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள்: இன்ன கதவு எண்ணுக்கு எந்தத் தொழிலுக்கு உரிமம் கொடுத்திருக்கிறீர்கள், எத்தனை குதிரைத்திறனுக்கு, கட்டட அனுமதியில் அந்தத் தளம் எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டது? 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை இணைத்து மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் புகார் கொடுங்கள். சத்தம் தாங்க முடியவில்லை என்று மட்டும் எழுதினால் கோப்பில் கிடக்கும். உரிமம் இல்லாத தொழில், அனுமதிக்கு மாறான பயன்பாடு என்று ஆவணத்தோடு எழுதினால் அதிகாரி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். பட்டறைக்காரரும் பிழைக்க வந்தவர்தான். இடம் மாற அவருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கச் சம்மதியுங்கள், ஆனால் எழுதி வாங்கிக்கொண்டு.

கேள்வி: கோயம்புத்தூரில் அப்பா வாங்கிய 12 சென்ட் இடத்தில் வீடு கட்ட விண்ணப்பித்தேன். விரிவான அபிவிருத்தித் திட்டத்தில் உங்கள் இடத்தின் நடுவே அறுபதடி திட்டச் சாலை போகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திட்டம் வந்தது நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில். இன்றுவரை ரோடும் வரவில்லை, நஷ்டஈடும் வரவில்லை. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது.
– வாசகர், கணபதி, கோவை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரி மனதைப் பிசைந்துவிட்டது. கோவையில் இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை. திட்டச் சாலை என்று வரைபடத்தில் கோடு போட்டுவிட்டு நிலத்தையும் எடுக்காமல் விடுவிக்காமலும் வைத்திருக்கும் இடங்கள் ஏராளம். நகரத்துக்கு அகலமான சாலை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சாலை வேண்டுமென்றால் காசைக் கொடுத்து நிலத்தை எடுக்க வேண்டும். ஒருவர் வாழ்நாள் முழுக்க அவர் நிலத்தைக் கட்டிப்போட்டு வைப்பது அநியாயம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 38-ஆவது பிரிவு. திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் பிரகடனம் வரவில்லை, உடன்பாட்டின் பேரில் வாங்கவும் இல்லை என்றால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதாகக் கருத வேண்டும். இந்தப் பிரிவை வைத்து உயர் நீதிமன்றம் நிலத்தை விடுவித்துப் பல உத்தரவுகள் போட்டிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், சட்டப்படி விடுபட்டாலும் வரைபடத்தில் கோடு தானாக அழியாது. கவுன்ட்டரில் இருப்பவர் வரைபடத்தைப் பார்த்துத்தான் கோப்பு எழுதுவார். அதனால் அரசிதழ் அறிவிப்பின் தேதியைத் தகவல் உரிமையில் வாங்குங்கள். இத்தனை ஆண்டுகளில் கையகப்படுத்தும் நடவடிக்கை ஏதாவது எடுக்கப்பட்டதா என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். இல்லை என்ற பதில்தான் உங்களுக்கு ஆயுதம். அதோடு 38-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, திட்டக் குழுமத்துக்கும் நகர் ஊரமைப்பு இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் மனு. பதில் இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட். 1994 திட்டத்துக்குப் பிறகு கோவைக்கு 2041-ஐ இலக்காக வைத்துப் புதிய முழுமைத் திட்டத்தின் வரைவு 2024-இல் வெளியானது. உங்கள் சர்வே எண் புதிய வரைபடத்தில் எப்படி இருக்கிறது என்பதையும் மனுவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். மறுபடி வேறொரு சாலை அதே இடத்தில் வந்திருந்தால் வக்கீல் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: திருச்சியில் எங்கள் நகர் 1980-களில் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு. பூங்காவுக்கு விட்ட இடத்தில் குழந்தைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஆடி மாதம் கூழ் ஊற்றுவோம். மனை போட்டவரின் மகன் இப்போது வந்து, “அப்பா தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை, இடம் எங்களுடையது” என்று கம்பிவேலி போட்டுவிட்டார். பிரித்து விற்கப் போவதாகப் பேச்சு.
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், திருச்சி

பதில்: வேலியைப் பிடுங்கி எறியாதீர்கள். போலீஸ் கேஸாக மாறினால் கவனம் பூங்காவிலிருந்து உங்கள் மேல் திரும்பிவிடும்.

அவர் அப்பா மனைகளை விற்றபோது பூங்காவையும் சாலையையும் காட்டித்தான் விற்றார். ஒப்புதல் கிடைத்ததே அந்த ஒதுக்கீட்டைக் காட்டித்தான். நீங்கள் கொடுத்த மனை விலையில் அந்தப் பூங்காவின் மதிப்பும் சேர்ந்திருக்கிறது. தானப் பத்திரம் எழுதாமல் விட்டது அவர் தந்தையின் குறை. அந்தக் குறையைக் காட்டி மகன் லாபம் பார்க்க நீதிமன்றங்கள் விடுவதில்லை. ஒப்புதல் வரைபடத்தில் பூங்கா என்று ஒதுக்கியதை வேறு எதற்கும் மாற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. கோவை வாசகருக்குச் சொன்ன 38-ஆவது பிரிவை இவரும் தூக்கிக்கொண்டு வரலாம். அசந்துவிடாதீர்கள். அரசு தன் திட்டத்துக்காக ஒதுக்கும் தனியார் நிலம் வேறு, மனை போட்டவரே ஒப்புதலுக்காக விட்டுக்கொடுத்த பூங்கா வேறு.

இன்றைய விதியையும் தெரிந்துகொள்ளுங்கள், சங்கத்தில் பேச உதவும். மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும். 10,000 வரைக்கும் இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000-க்கு மேல் போனால் இடத்தையே தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: ஒப்புதல் வரைபடத்தின் சான்றிட்ட நகலை டி.டி.சி.பி. அலுவலகத்தில் வாங்குங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு ஆரம்பத்திலிருந்து வில்லங்கச் சான்று போட்டு, ஏற்கெனவே ஏதாவது விற்பனை நடந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் இணைத்து மாநகராட்சி ஆணையருக்கும் சார்பதிவாளருக்கும் ஆட்சேபனை மனு கொடுங்கள். சார்பதிவாளருக்குக் கொடுப்பதுதான் மிக அவசரம். ஒரு பத்திரம் பதிவாகிவிட்டால் அப்புறம் அப்பாவியாக வாங்கிய ஒருவரும் வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்பார். கூழ் ஊற்றிய பழைய போட்டோக்கள், சங்கம் செடி நட்டதற்கான ரசீது எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: 2012-இல் திருவள்ளூர் அருகே அங்கீகாரமில்லாத மனை வாங்கினேன். வரன்முறைப்படுத்த முடியுமா? 1,000 சதுர அடிதான். சுயசான்று முறையில் உடனே கட்டலாம் என்கிறார்களே?
– வாசகர், ஆவடி

பதில்: 20.10.2016-க்கு முன் விற்பனையான மனைகளுக்கு 2017-ஆம் ஆண்டின் வரன்முறை விதிகள் பொருந்தும், உங்களுடையது அதற்குள் வருகிறது. அந்த இடம் நீர்நிலையிலோ புறம்போக்கிலோ பூங்கா ஒதுக்கீட்டிலோ இருந்தால் மட்டும் எந்தக் கட்டணம் கட்டினாலும் ஆகாது. காலக்கெடுவைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள், இன்றைய நிலையை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவோருக்கானது. நல்ல திட்டம், ஆய்வுக்காக மாதக் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் விதிகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. பக்க இடைவெளி, முன் இடைவெளி, மனையின் அங்கீகாரம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுத் தருவது நீங்கள். வரன்முறை உத்தரவு கைக்கு வருமுன் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

கேள்வி: ஆனைகட்டி மலையடிவாரத்தில் “பண்ணை மனை” என்று ஐந்து ஐந்து சென்ட்டாக விற்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு சின்னதாக வீடு கட்டிக்கொள்ளலாம் என்று ஆசை.
– வாசகர், திருப்பூர்

பதில்: பண்ணை என்ற பெயரில் விற்பதற்குக் காரணமே மனை என்று ஒப்புதல் கிடைக்காததுதான். அந்தப் பக்கம் பல கிராமங்கள் 1990-இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகின்றன. அங்கே ஒரு வீடு கட்டுவதற்கே வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிம வளத்துறை என்று தனித்தனியாகத் தடையின்மைச் சான்று வேண்டும். யானை நடமாடும் இடம், மண் சரியும் சரிவு, மழைநீர் இறங்கும் பள்ளம், இதையெல்லாம் பார்த்துப் போட்ட கட்டுப்பாடு அது. விற்பவரிடம் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டு கோவை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். எண்ணைத் தர அவர் தயங்கினால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.